ஊர் முந்தியதோ கோயில் முந்தியதோ

(திருக்குடமுழுக்குத் திருப்பணியின் பாலாலய நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



இன்று காலை பாலாலயம் இனிது நிறைவேறிற்று. கருவறையில் எழுந்தருளியிருந்த பெருமானின் அருட்கலைகளைக் கும்பநீரில் ஏற்று, அங்கிருந்து சித்திரப்பலகைக்கு எழுந்தருளச் செய்ததை யாவரும் கண்டோம். இனித் திருக்குடமுழுக்கு நாள்வரை இத்திருக்கோயில் கல்தச்சர்க்கும் கொற்றர்க்கும் சித்தாள்களுக்கும் உரியது. உளியோசை நாளை தொடங்கும்.

இத்தலத்தின் பெருமை குறித்துப் பேசப் பிறர் உளர். கல்வெட்டுச் செய்திகளைச் சொல்லவும் தக்கவர்கள் வந்துள்ளனர். ஆகவே அடியேன் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். திருக்கோயில் இல்லாத ஊரை ஊர் என்று கொள்ளாமல் காடு என்றே கொள்ளவேண்டும் என்னும் கருத்தை அப்பரடிகள் தம் திருத்தாண்டகத்தில் அருளியிருக்கின்றார். இதனை நாம் பக்தி மேலீட்டால் எழுந்த மொழி என்று எண்ணிக் கைகூப்பிவிட்டுப் போய்விடுகின்றோம். காட்டில் திரிந்த மனிதன் எப்பொழுது ஊரினன் ஆனான், அவ்வமயம் அவனிடத்துக் கோயில் இருந்ததா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்த்தால் என்ன என்பதே அடியேனுடைய எண்ணம்.

1960களில் மடத்துக் கல்லூரியில் பயின்ற காலத்து, வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரிசையை மனனம் செய்தோம். மனிதன் முதலில் வேட்டையாடினான்; பிறகு விதைத்தான்; விதைத்த நிலத்தருகே குடிசை கட்டினான்; களஞ்சியம் நிறைந்தது; நிறைந்த களஞ்சியத்தின்மேல் அரசனும் பூசாரியும் வந்து அமர்ந்தார்கள்; அதன்பின் கோயில் எழுந்தது. கார்டன் சைல்டு என்னும் பேரறிஞர் 1936இல் எழுதிய நூலின் வழி உலகெங்கும் பரவிய கொள்கை இது. வயிறு முதல், வழிபாடு கடைசி என்பது அதன் சுருக்கம். எங்கள் சைவ சித்தாந்த ஆசிரியர் இதனைக் கேட்டுவிட்டு, "தேர்வில் இப்படியே எழுதுங்கள், நம்ப வேண்டுமா என்பதைப் பிறகு பார்ப்போம்" என்றார். அவ்வாறே எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. பிறகு பார்ப்பதற்குத்தான் முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள் ஆயின என்று மொராக்கோ நாட்டில் கிடைத்த எலும்புகளைக்கொண்டு இப்பொழுது அறிஞர் கூறுகின்றனர். இவ்வளவு நெடிய காலத்தில் அவன் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருந்தது கடைசிப் பன்னீராயிரம் ஆண்டுகளிலேதான் மிகுதி. மற்றக் காலமெல்லாம் அலைந்து திரிந்தான். திரிந்தபோதும் விலங்குபோல் திரிந்தான் என்று சொல்வதற்கில்லை. இஸ்ரேல் நாட்டுக் காஃப்சே குகையில், தொண்ணூறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், இறந்த பிள்ளையின் உடலோடு மான்கொம்பை வைத்துப் புதைத்திருக்கின்றனர். உண்பதற்குப் பயன்படாத கொம்பைப் பிணத்தோடு வைத்தவனுக்கு உண்பதற்கு அப்பாலும் ஏதோ ஓர் எண்ணம் இருந்தது. அதற்குமேல் அக்கொம்பைக்கொண்டு தத்துவம் பேசுதல் தகாது.

இனித் துருக்கி நாட்டின் தென்கிழக்கே உர்ஃபா நகரின் அருகில் உள்ள ஒரு மேட்டுக்கு வருவோம். கோபெக்லி தெப்பே என்பது அதன் பெயர். தொந்திக் குன்று என்று தமிழில் சொல்லலாம். 1963இல் அதனைப் பார்த்த ஆய்வாளர்கள் மேலே தெரிந்த கற்பலகைகளைப் பிற்காலக் கல்லறைகள் என்று எண்ணிக் குறிப்பெழுதிவிட்டுப் போயினர். கிளௌஸ் ஷ்மிட் என்னும் செருமானிய அறிஞர் 1994இல் அங்கு வந்தார். மறு ஆண்டு அகழத் தொடங்கி, 2014இல் தாம் மறையும்வரை அவ்விடத்தை விட்டாரல்லர். மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவை வட்டம் வட்டமாக நிறுத்திய பெருங்கற்றூண்கள். மேலே குறுக்குப்பலகை தாங்கியதுபோன்ற வடிவம். மிகப் பெரியவை ஏறத்தாழப் பதினெட்டு அடி உயரம். சிலவற்றின் எடை பத்து டன். தூணின் பக்கங்களில் மடங்கிய கைகளும், இடுப்பில் கச்சையும், நரித்தோல் ஆடையும் செதுக்கியிருக்கின்றனர். ஆகவே அவை தூண்கள் அல்ல, நின்றகோலத்து உருவங்கள். ஆயினும் முகம் இல்லை. கண்ணும் மூக்கும் வாயும் தீட்டும் வல்லமை அவர்கட்கு இல்லாமற் போகவில்லை. நரியும் பன்றியும் கழுகும் தேளும் பாம்பும் அதே கல்லில் உயிர்த்துடிப்போடு நிற்கின்றன. பெரிய உருவங்களுக்கு மட்டும் முகம் வைக்காமல் விட்டிருக்கின்றனர். அருவுருவம் என்னும் சொல்லைப் பயின்ற நமக்கு அங்கே ஒரு கணம் நா எழாது.

இவற்றின் காலம் கி.மு. 9500 முதலாகத் தொடங்குகின்றது. எகிப்தியப் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டு முற்பட்டவை. சக்கரம் இல்லை, உலோகம் இல்லை, சுட்ட மட்பாண்டமும் இல்லை. உழுது விதைத்த தானியத்தின் அடையாளமும் அங்கே காணப்படவில்லை. அவர்கள் தின்றது வேட்டை மானும் காட்டு மாடும், தானே விளைந்த காட்டுத் தானியமும். அதனை அரைத்த கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அண்மையிலுள்ள கரஜாதாக் மலைச்சாரலில் இன்றும் விளையும் காட்டுக்கோதுமையே, மனிதன் முதன்முதல் பயிரிட்ட கோதுமை வகைகளுள் ஒன்றற்கு மிக நெருங்கிய உறவு என்று 1997இல் மரபியலார் கண்டனர். கல் நிறுத்தக் கூடிய பெருந்திரளுக்குச் சோறு வேண்டியிருந்தது. அத்தேவையே உழவினைப் பிறப்பித்தது என்று ஷ்மிட் கருதினார். முதலில் கோயில், பிறகுதான் நகரம் என்பது அவர் கொள்கை.

இச்செய்தியை அடியேன் முதன்முதல் படித்தபோது உள்ளம் துள்ளிற்று என்பதை ஒளிப்பானேன்? அப்பரடிகள் வாக்குக்குத் துருக்கியில் சான்று கிடைத்தது என்று இரண்டு மேடைகளில் முழங்கியும்விட்டேன்.

முழங்கியது பிழை. ஷ்மிட் மறைந்தபின் அதே குன்றில் அகழ்ந்தவர்கள் வீடுகள் என்று கொள்ளத்தக்க கட்டடங்களையும், மழைநீரைத் தேக்க வகுத்த அமைப்புக்களையும், அன்றாட வாழ்க்கைப் பொருள்களையும் கண்டுள்ளனர். ஆகவே ஆளில்லாக் குன்றில் கோயில் மட்டும் தனித்து நின்றது என்னும் கருத்து இன்று நில்லாது. குடியிருப்பும் வழிபடுமிடமும் அங்கே கலந்தே இருந்தன. கோயில் என்னும் சொல்லைக்கூட அதற்குத் தயங்கியே வழங்கவேண்டும் என்பாரும் உளர். அந்த இரண்டு மேடைகளில் பேசியதை இந்த மூன்றாம் மேடையில் திருத்திக்கொள்கின்றேன். நம் சமயத்துக்குச் சாதகமான செய்தி என்றால் ஆராயாமல் ஏற்பது நம்மவர்க்கு ஒரு நோய். அடியேனுக்கும் அது உண்டு. எனினும், வேளாண்மைக்கும் அரசுக்கும் களஞ்சியத்துக்கும் முன்னரே மனிதர் கூடிப் பெருங்கல் நிறுத்தினர் என்பது மட்டும் மாறவில்லை. பாடப்புத்தகத்தின் வரிசை அந்த அளவில் உடைந்தது உடைந்ததுதான்.

ஊர் என்றும் நகரம் என்றும் ஐயமின்றிச் சொல்லத்தக்கவை எழுந்த இடம் யூப்ரட்டீஸ், டைகிரீஸ் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட சுமேரிய நாடு; இன்றைய ஈராக்கின் தென்பகுதி. சுமேரியர் தம் நாட்டு அரசு வானிலிருந்து முதன்முதல் இறங்கிய ஊர் எரிது என்று எழுதிவைத்தனர். அங்கே வழிபடப் பெற்ற தெய்வம் என்கி. நிலத்தடி நன்னீர்க்கும் அறிவுக்கும் உரியவர். 1946 முதல் 1949 வரை ஃபுவாத் சஃபர் என்னும் ஈராக்கிய அறிஞரும் சீட்டன் லாயிடு என்னும் ஆங்கிலேயரும் அவ்விடத்தை அகழ்ந்தனர். மேலே நின்றது கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்துப் படிக்கோபுரத்தின் சிதைவு. அதன் கீழே ஒரு கோயில். அதன் கீழே மற்றொன்று. இவ்வாறு பதினேழு பதினெட்டு என எண்ணத்தக்க அடுக்குகள், ஒன்றன்கீழ் ஒன்றாய் அதே இடத்தில் இருந்தன. அடியில் கன்னி மணல். அந்த மணலை ஒட்டிய பழைய அடுக்குகளில் இருந்தது ஏறத்தாழப் பத்தடிச் சதுரமுள்ள ஒரு மண்செங்கல் அறை. சுவரில் ஒரு மாடம். நடுவில் ஒரு மேடை. மேடைமேல் தீப்பட்ட தடம். அவ்வளவே. காலம் கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டு. மேலடுக்குக் கோயில்களில் படைத்த மீனின் எலும்புகள் தரையில் கிடந்தன. நன்னீர்த் தெய்வத்துக்கு மீன்.

இங்கே இருப்போர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். பத்தடி அறையை இடித்துச் சற்றுப் பெரியதாகக் கட்டினர். அதுவும் தேய்ந்தபின் அதனை மூடி அதன்மேல் கட்டினர். மூவாயிரம் ஆண்டு இதுவே நிகழ்ந்தது. வேறிடத்தில் கட்டியிருந்தால் வேலை எளிது. கட்டவில்லை. நாம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்வதை எவரிடமிருந்தும் கற்காமல் அவர்களும் செய்திருக்கின்றனர்.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. உருக் என்னும் நகரத்தில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில், பழைய மரபினின்று எழுதப் பெற்ற சடங்குமுறை ஏடு ஒன்று கிடைத்துள்ளது. சுவர் சாய்ந்த கோயிலைப் புதுக்குமுன் செய்யவேண்டியவை அதில் உள்ளன. பழைய கட்டடத்திலிருந்து முதற்செங்கல் எனப்படும் ஒன்றை எடுத்துத் தனியே வைக்கவேண்டும். அதற்குப் படையல் இடவேண்டும். புதிய அடித்தளம் அமையும்வரை புரோகிதர் இரங்கற்பாடல் பாடவேண்டும். இன்று காலை நாம் செய்ததை நினைந்துகொள்ளுங்கள். தெய்வத் திருவுருவை நிலைபெறச் செய்யும் சடங்கும் அவர்களிடம் இருந்தது. வாய் கழுவுதல் என்பது அதன் பெயர். உருவத்தைச் செய்த தச்சனும் பொற்கொல்லனும் நிற்க, அவர்தம் கைகளை மரவாளால் வெட்டுவதுபோல் பாவனை செய்வர். அவர்களும், இதனை யாம் செய்திலேம், எம் தொழில்தெய்வம் செய்தது என்று சூளுரைப்பர். கண் திறக்கும் நாளில் நம் சிற்பியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வளவு கேட்டபின், "அப்படியானால் சுமேரியர் தமிழரே" என்று ஒருவர் எழுந்து சொல்வார் என்பது அடியேன் அறிந்ததே. முன்வரிசையில் ஒருவர் புன்னகைக்கின்றார். ஐயா, அதற்குச் சான்று இல்லை. சுமேரிய மொழி இன்றுவரை எம்மொழிக் குடும்பத்தோடும் ஐயமற இணைக்கப்படவில்லை. சிந்துவெளிப் பக்கத்து நாடாகிய மெலுகாவின் கலங்கள் அவர்கள் துறைக்கு வந்தன என்பது அவர்தம் எழுத்தாலேயே தெரிகின்றது, அது வாணிகம். ஒரே வகை வேட்கை இரண்டிடத்தில் ஒரே வகை வடிவம் கொள்வது உண்டு. உறவு நாட்டினால்தான் பெருமை வரும் என்பதில்லை.

நகரம் வளர்ந்ததும் கோயிலின் கதை சிக்கலாகின்றது. கி.மு. 3300ஐ ஒட்டி உருக் நகரத்தில், ஏயன்னா என்னும் கோயில் வளாகத்தில், உலகின் மிகப் பழைய எழுத்து பிறந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் மண்ணேடுகளும் துண்டுகளும் கிடைத்துள்ளன. துதிப்பாடலாக இருக்கும் என்று எதிர்பார்த்து அருகில் சென்றால், பெரும்பாலும் பார்லிக் கணக்கு, ஆட்டுக் கணக்கு, கூலிக் கணக்கு. நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்த எனக்கு இது சிறிது வருத்தமே. எழுத்தைக் கண்டவன் புலவன் அல்லன், கோயில் கணக்கப்பிள்ளை. நம் திருப்பணிக் கணக்கர் அங்கே தூணருகே பேரேட்டோடு நிற்கின்றார்; அவர் மரபு மிகப் பழையது என்று அறிந்து தேறுவாராக.

கணக்கு வந்ததும் கணக்கில் ஏற்றப்பட்டவர்களும் வந்தனர். லகாஷ் நாட்டில், பாவு என்னும் பெண்தெய்வத்தின் பெயரால் இயங்கிய பெருமனையின் ஏடுகள், கி.மு. 24ஆம் நூற்றாண்டினவாகப் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. கம்பளம் நெய்யும் பெண்கள், மாவரைக்கும் பெண்கள், அவர்தம் பிள்ளைகள், திங்கள்தோறும் ஒவ்வொருவர்க்கும் அளந்த பார்லி. பிள்ளைகளுக்குத் தாயின் பெயர் பக்கத்தில் இருக்கின்றது; தந்தையின் பெயர் இல்லை. தெய்வத்தின் மனை என்று பெயர். உள்ளே நிகழ்ந்தது இது.

அந்நாட்டை ஆண்ட உருகாகினா என்னும் மன்னன், கி.மு. 2350ஐ ஒட்டி, தான் செய்த சீர்திருத்தங்களைக் கூம்பு வடிவான மண்ணில் எழுதிவைத்தான். அதில் முதலில் குற்றங்களை அடுக்குகின்றான். தெய்வத்தின் எருதுகள் ஆள்வோனின் வெங்காயக் கொல்லையை உழுதனவாம். தெய்வத்தின் நன்செய்யிலேயே அவனுடைய வெள்ளரியும் வெங்காயமும் விளைந்தனவாம். பிணம் புதைக்கச் சென்றால் 7 குடம் மதுவும் 420 அப்பமும் பறித்தனராம்; அதனை 3 குடமாகவும் 80 அப்பமாகவும் குறைத்தேன் என்கின்றான். கைம்பெண்ணையும் ஆதரவற்ற பிள்ளையையும் வலியவன் கையில் ஒப்புவியேன் என்று நிங்கிர்சு என்னும் தெய்வத்தோடு உடன்படிக்கை செய்தேன் என்றும் எழுதுகின்றான். உலகில் எழுத்தில் கிடைக்கும் முதற் சீர்திருத்தங்களுள் இது ஒன்று. கோயிற்சொத்தைக் கொள்ளையிடுவது எவ்வளவு பழைய தொழில் என்பதற்கும் இது சான்று. அவன் காலத்தும் நெசவுப் பெண்களின் பார்லிக் கணக்கு நிற்கவில்லை. அவர்கள் வேலைசெய்த மனைக்குத் தெய்வத்தின் பெயர் சூட்டப்பெற்றது, அவ்வளவே. பத்தாண்டும் முடியுமுன் அண்டை நாட்டு மன்னன் லகாஷின் கோயில்களுக்குத் தீவைத்தான்.

அதே லகாஷில் இருநூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 2120ஐ ஒட்டி, கூடியா என்பவன் ஆண்டான். அடியேன் இன்று பேச வந்தது மெய்யாக இவனைப் பற்றியே. நிங்கிர்சுவின் கோயிலைப் புதுக்கிய வரலாற்றை அவன் இரண்டு பெரிய மண்ணுருளைகளில் எழுதுவித்தான். 1877இல் அகழ்ந்தெடுத்தனர், பாரிசு நகரத்து லூவர் காட்சிச்சாலையில் இருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு வரிக்கு மேற்பட்ட பாடல். கனவில் பேருருவம் ஒன்று கோயில் எடுக்கப் பணித்தது. பொருள் விளங்காமல் நான்சே என்னும் தெய்வத்திடம் போய்க் கேட்டான். பிறகு செங்கல் அச்சில் முதற்கல்லைத் தானே அறுத்தான். தலையில் மண்கூடை சுமந்தான். தேவதாரு அமனஸ் மலையிலிருந்தும், செம்மணிக்கல் மெலுகாவிலிருந்தும் வந்தன. மடியில் கோயிலின் தளவரைபடத்தை வைத்துக்கொண்டு கைகூப்பி அமர்ந்த அவன் கற்சிலையும் அதே காட்சிச்சாலையில் உண்டு, தலைதான் போயிற்று.

பணி தொடங்குமுன் அவன் ஊரைத் தூய்மை செய்தான் என்று அப்பாடல் கூறுகின்றது. நீர் தெளித்ததோடும் புகை எழுப்பியதோடும் அவன் நிற்கவில்லை. அந்நாள்களில் சாட்டை எடுக்கலாகாது; தாய் பிள்ளையை வையலாகாது; தவறிய பணியாளைத் தலைவன் அடிக்கலாகாது. பணி முடிந்து தெய்வம் புகுந்தபோது ஏழு நாள் விழா. அந்த ஏழு நாளும் அடிமைப்பெண் தலைவிக்கு நிகரானாள். அடிமை தலைவனோடு பக்கம்பக்கமாக நடந்தான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண்பிள்ளைக்கு உரிமை தந்தான். கைம்பெண்ணை வலியவனிடம் ஒப்புவிக்கவில்லை. நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு குடமுழுக்குச் செய்தி இது.

எட்டாம் நாள் என்ன ஆயிற்று? பாடல் அதைச் சொல்லவில்லை. அடிமை மீண்டும் பின்னே நடந்திருப்பான். ஏழு நாள் நிகராக இருக்கத்தக்கவள் எட்டாம் நாள் ஏன் இருக்கலாகாது என்று லகாஷில் எவரேனும் கேட்டார்களா என்பதற்கு ஏடு இல்லை. அப்பாடலை ஏளனம் செய்ய நமக்குத் தகுதி இல்லை. நம் நாட்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. அடியேன் பிறந்த காலத்தை ஒட்டியதுதான் அது. சட்டம் வந்தபின்னும் கொடிமரத்துக்கு அப்பால் வரத் தயங்கி வெளிமதிலோரம் நின்று கும்பிட்டவர்களை அடியேன் சிறுபிள்ளையாய் இருந்தபோது கண்டிருக்கின்றேன். அம்மதிலுக்குச் சுண்ணாம்பு சுமந்தவர்களும் அவர்களே. ஒரு ஊரில், பெயர் வேண்டா, குடமுழுக்கன்று அவர்களை உள்ளே அழைத்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு, மண்டலபூசை முடிந்ததும் பழைய வழக்கத்துக்கே திரும்பினர். 48 நாள், கூடியாவினும் 41 நாள் கூடுதல்.

இன்னொரு செய்தி. சுமேரிய மன்னர் கோயிலின் அடித்தளத்தில் செம்பால் ஆன ஒரு சிறு உருவத்தைப் புதைப்பர். மன்னனே தலையில் மண்கூடை சுமக்கும் கோலம். ஊர் நகரத்தை ஆண்ட ஊர்நம்மு முதலியோர் வைத்தவை அவ்வாறு கிடைத்துள்ளன. எவர் கண்ணிலும் படாத இடத்தில், தான் சித்தாளாக நிற்கும் உருவத்தை வைத்தான் பேரரசன். அதே மன்னர் ஒவ்வொரு செங்கல்லிலும் தம் பெயரை முத்திரையிடவும் மறக்கவில்லை. மின்விளக்கின் ஒளி மறையும்படி உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்று இதனால் அறிக.

எரிதுவின் முடிவைச் சொல்லி நிறுத்துகின்றேன். ஆறு தன் போக்கை மாற்றிற்று, நிலம் உவர்ந்தது, குடிகள் மெல்ல மெல்ல வெளியேறினர். மேலே சொன்ன படிக்கோபுரம் எழுந்த காலத்தில் ஊர் பெரும்பாலும் வெறுமையாகியிருந்தது. மன்னர் தம் புகழுக்காகவும் பழைமையின் மதிப்புக்காகவும் அதனைக் கட்டினர். பதினெட்டுக் கோயில்களுள் மிகப் பெரியது அதுவே. அங்கே மீன் படைத்தவர்களின் வழியினர் அதனருகே இல்லை. இன்று அங்கே மணற்காற்று.

திருப்பணிக் குழுவினர் இன்றிரவு அன்னம்பாலிப்பு உண்டு என்றனர். மாலையில் அவர்களிடம் ஒன்று கேட்டேன்: பேச வந்தவர்களுக்கு எங்கே இலை, கல்தச்சர்க்கும் சித்தாள்களுக்கும் எங்கே இலை? பந்தி ஒன்றுதான், வந்தவர் வந்த வரிசையில் அமரவேண்டும், பணி முடியும்வரையும் அதன்பின்னும் இவ்வாறுதான் என்று தலைவர் சொன்னார். அடியேன் நீண்ட நேரம் பேசிவிட்டேன். சித்தாள்கள் முன்னரே போய் வரிசையில் நிற்கின்றனர். அவர்களுக்குப் பின்னே சென்று நிற்க விடைதாருங்கள்.

திருச்சிற்றம்பலம்